பத்து வருஷம், ஒரே வரி

டைட்ரேஷன் என்கிற வேதியியல் செய்முறையில் கடைசிச் சொட்டைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைக் குடுவைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். மேலே பியூரெட் என்கிற, அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயில் பெர்மாங்கனேட், கீழே கூம்புக் குடுவையில் கரைசல். ஒரு சொட்டு விழும், ஒரு நொடி ஊதாவாகச் சுழலும், மறைந்துவிடும். மறுபடி ஒன்று. அதுவும் மறையும். ஏதோ ஒரு சொட்டில் நிறம் போகாமல் வெளிறிய ரோஸாக நின்றுவிடும். அங்கே குழாயை மூட வேண்டும். இன்னொரு சொட்டு விழுந்துவிட்டால் கணக்குத் தப்பு. அந்த மெல்லிய நிறம் கண்ணில் படவேண்டும் என்றுதான் குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு ஒன்றை வைக்கிறோம். நாலடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது.

இருபத்திரண்டு வருஷமாக மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். எத்தனை ஆயிரம் முறை "கிட்ட வந்து பாருங்கம்மா" என்று சொல்லியிருப்பேனோ. அதனால்தான் தாக்ஷாயணி வேலாயுதனைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது, மற்றவர்கள் வியக்கிற இடத்தில் எனக்கு வியப்பு வரவில்லை. எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் பி.எஸ்ஸி வேதியியல் படித்த அந்தப் பெண்ணுக்கு, மேல்சாதி ஆசிரியர் ஒருவர் சோதனைகளைச் செய்து காட்ட மறுத்தார், தூரத்தில் நின்று பார்த்தே அவர் கற்றுக்கொண்டார் என்று இருந்தது. அந்த இடத்தில் நின்றுவிட்டேன். தூரத்தில் நின்று எதைப் பார்த்திருப்பார்? ரோஸ் நிறம் தெரிந்திருக்குமா?

அவரைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் "முதல்" என்ற சொல்லால் நிரம்பியிருக்கும். இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி. தன் சமூகத்தில் மேலாடை அணிந்த முதல் தலைமுறைப் பெண். அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண். எல்லாம் சரி. ஆனால் 1935இலிருந்து 1945 வரை கொச்சி சமஸ்தானத்தின் அரசுப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்தார் என்பது மட்டும் எங்கே பார்த்தாலும் ஒரே வரி. பத்து வருஷத்துக்கு ஒரு வரி! வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும். ஒரு கல்வியாண்டு எவ்வளவு நீளம் என்று எங்களுக்குத் தெரியும்.

முளவுகாடு எறணாகுளத்தை ஒட்டிய ஒரு தீவு. இப்போது கோஸ்ரீ பாலங்களில் ஏறினால் சில நிமிடத்தில் போய்விடலாம். நான் போன அன்று பஸ்ஸில் உட்கார்ந்து வலது பக்கம் பார்ப்பதா இடது பக்கம் பார்ப்பதா என்று யோசிப்பதற்குள் தீவு வந்துவிட்டது. பாலம் வருவதற்கு முன்னால் எல்லாம் வள்ளம், படகுதான். அந்தத் தீவின் தென்முனையில் போல்காட்டி அரண்மனை இருக்கிறது. 1744இல் டச்சுக்காரர்கள் கட்டியது, பிறகு கொச்சிக்கான பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதியான ரெசிடென்டின் இருப்பிடம். அதே தீவில்தான் 1912 ஜூலை 4 அன்று, தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர் சமூகத்து வீடு ஒன்றில் தாக்ஷாயணி பிறந்தார்.

பெயரிலேயே ஒரு சண்டை இருந்தது. அழகி, காளி, சக்கி, குறும்பா என்றுதான் அந்தச் சமூகத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார்கள். தாக்ஷாயணி என்றால் தட்சனின் மகள், பார்வதி. அந்தப் பெயரைப் புலையர் வீட்டில் வைப்பதா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். நம் ஊர்ப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் கறுப்பன், மண்ணாங்கட்டி, பிச்சை என்று வரிசையாக வரும் பெயர்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பெற்றோர் நல்ல பெயர் வைப்பதில் எவ்வளவு இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு ஒரு வயது ஆகும் சமயத்தில் நடந்ததுதான் காயல் சம்மேளனம். கொச்சியின் புலையர்கள் சங்கமாகக் கூட வேண்டும் என்று நினைத்தார்கள். பொது இடத்தில் கூட உரிமை இல்லை. சொந்த நிலம் கிடையாது. நிலம் வைத்திருந்தவர்கள் இடம் தரவில்லை. சரி, தண்ணீர் யாருடையது? 1913இல் வள்ளங்களைக் கொண்டுவந்து காயலின் நடுவே ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, அதன் மேல் கூட்டம் போட்டார்கள். மண்ணில் நின்று பேசக் கூடாது என்றால் மிதந்துகொண்டு பேசுவோம் என்கிற அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த முயற்சிகளுக்குத் துணையாக நின்றவர் பண்டிட் கறுப்பன். மீனவச் சமூகத்தில் பிறந்து சமஸ்கிருதம் படித்துக் கவிஞரானவர், ஆசிரியர். எறணாகுளத்தில் மேல்சாதிப் பெண்பிள்ளைகள் படித்த பள்ளிக்கு அவரை சமஸ்கிருத ஆசிரியராக நியமித்தபோது எதிர்ப்பு கிளம்பியது, மகாராஜா அசையவில்லை. கொச்சியில் சட்ட சபை அமைந்தபோது, 1925இல், அதில் அவர் நியமன உறுப்பினரானார். அப்படிப் பார்த்தால், வகுப்பறையிலிருந்து சட்டசபைக்கு ஒரு ஒற்றையடிப் பாதை தாக்ஷாயணிக்கு முன்பே போடப்பட்டிருந்தது.

சென்னை மாகாணத்திலும் அப்படி ஒருவர் உண்டு. எம்.சி.ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர். சென்னை சட்டமன்றத்துக்குப் போய், பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என 1922இல் தீர்மானம் கொண்டுவந்தவர். கவனித்துப் பாருங்கள், பதிவேட்டில் பெயரைத் திருத்துகிற வேலை. வாத்தியாருக்குத்தான் இது முதலில் தோன்றும்.

கல்லூரியில் அறிவியல் பிரிவில் தாக்ஷாயணி ஒருவர்தான் பெண். சமஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்து 1935இல் பட்டம் வாங்கினார். ஆசிரியர் பயிற்சிக்கு அவர் வந்தது சென்னைக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்.டி. முடித்தார். இப்போதைய பி.எட். மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். திருச்சூர், திருப்பூணித்துறைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் வேலை.

புது ஊருக்கு மாறுதலாகிப் போகும் ஆசிரியைக்கு முதல் கவலை வீடு, இரண்டாவது தண்ணீர். எனக்கு முதல் போஸ்டிங் கிடைத்த ஊரில் வீட்டுக்காரம்மா முதலில் கேட்டது "சம்பளம் எவ்வளவு" என்பதல்ல, "நீங்க என்ன ஆளுங்க" என்றுதான். 1935இல் ஒரு புலையப் பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? பொதுக் கிணற்றில் அவர் இறைக்கக் கூடாது. காலையில் குளித்து, புடவை மடிப்பு கலையாமல் பள்ளிக்குப் போய், கரும்பலகையில் தண்ணீரின் மூலக்கூறு வாய்ப்பாட்டை எழுதுகிற ஆசிரியை, அதே தண்ணீருக்காக வேறு யாரையாவது கெஞ்ச வேண்டும். வகுப்பில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வீட்டுக் கிணறுகளும் அந்த ஊரில்தான் இருந்திருக்கும்.

அந்த வருஷங்களைப் பற்றி ஒரு சம்பவத்தை அவருடைய மகள், ஆய்வாளர் மீரா வேலாயுதன் பதிவு செய்திருக்கிறார். வயல் வரப்பில் தாக்ஷாயணி நடந்துபோகிறார். எதிரே ஒரு நாயர் பெண். வரப்பு ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். நீ வயலில் இறங்கி எனக்கு வழி விடு என்கிறாள் அந்தப் பெண். அதுதான் வழக்கம். அதற்குத்தான் வயலும் சேறும். தாக்ஷாயணி இறங்கவில்லை. உனக்குப் போக வேண்டுமென்றால் நீ இறங்கிப் போ என்கிறார். கொஞ்ச நேரம் இருவரும் நிற்கிறார்கள். கடைசியில் அந்த நாயர் பெண்தான் சேற்றில் இறங்கிக் கடந்துபோகிறாள்.

இந்தச் சம்பவத்தைக் கேட்கிற எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை, வேறொன்று ஞாபகம் வந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால், பன்னிரண்டாம் வகுப்பு செய்முறை. பிப்பெட் என்கிற சின்னக் கண்ணாடிக் குழாயில் கரைசலை வாயால் உறிஞ்சித்தான் எடுப்போம். இருபது மில்லி கோடு வரும்வரை உறிஞ்சி, சட்டென்று ஆள்காட்டி விரலால் மேல்துளையை மூட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கரைசல் வாய்க்குள் போய்விடும். நாலு பேருக்கு ஒரு பிப்பெட். கழுவிக் கழுவி அடுத்தவரிடம் கொடுப்பார்கள். ஒரு பெண் மட்டும் எப்போதும் பின்னால் நின்றாள்.

"ஏம்மா அங்க நிக்கற? முன்னால வா."

"இல்ல மிஸ், இங்கிருந்தே தெரியுது."

அங்கிருந்து ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியாதா? ஆனால் மூன்றாவது செய்முறை வகுப்பில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அவள் வாய் வைத்த பிப்பெட்டில் அவளோடு இருந்த மூன்று பேரும் வாய் வைக்க மாட்டார்கள். அவர்கள் வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை. அவள் முறை வந்தால் மணி அடித்துவிடும், அல்லது கரைசல் தீர்ந்துவிடும், அல்லது "நாங்க எடுத்துத் தர்றோம், நீ ரீடிங் எழுது". ரொம்ப நாசூக்கு.

நான் என்ன செய்தேன்? அடுத்த வாரம் எல்லோருக்கும் தனித்தனி பிப்பெட் ஏற்பாடு செய்து, பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். "சுகாதாரம்மா, ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்கு வேண்டாம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரச்சினை தீர்ந்தது. ஸ்டாஃப் ரூமில் ஒருவர் நல்ல யோசனை என்று பாராட்டினார். அந்தப் பெண் மட்டும் தன் பிப்பெட்டைக் கையில் வாங்கி, ஸ்டிக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. நான் வரப்பிலிருந்து இறங்கிவிட்டேன்.

அதனால்தான் அந்தப் பத்து வருஷத்தை ஒரே வரியில் தாண்டிப்போக எனக்கு மனம் வருவதில்லை. அவருக்கும் சம்பளம் இருந்தது, மேலதிகாரி இருந்தார், ஊர் இருந்தது. புகார் போனால் மாறுதல் வரும். ஆனாலும் வரப்பில் நின்றார்.

இடையில் கல்யாணம். 1940இல் வார்தா சேவாகிராமில் காந்தியும் கஸ்தூரிபாவும் முன்னிருக்க ஆர்.வேலாயுதனை மணந்தார். தொழுநோயாளி ஒருவர் புரோகிதராக இருந்து நடத்திவைத்த திருமணம். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர்.நாராயணனுக்கு இந்த வேலாயுதன் உறவினர். காந்தி வீட்டுக் கல்யாணம் என்றதும், அப்புறம் அவர் காந்தி சொன்னதையெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம்.

1945இல் கொச்சி சட்ட சபைக்கு நியமிக்கப்பட்டார். நியமனம்தான். யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. ஒதுக்கப்பட்டவர்களுக்காகச் சமஸ்தானம் தந்த நாற்காலி. இப்படிக் கொடுக்கப்படுகிற நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒன்றுதான், நன்றி. அந்த ஆகஸ்டில் பேசிய முதல் பேச்சிலேயே அவர் கையில் எடுத்தது பட்ஜெட்டை. தாழ்த்தப்பட்டவர்களுக்கான நிதி குறைந்துகொண்டே போவதைக் கேட்டார். தீண்டாமை இருக்கிறவரை ஹரிஜன் என்ற பெயருக்கு அர்த்தம் கிடையாது, நாயை நெப்போலியன் என்று கூப்பிடுவது மாதிரிதான் அது என்றார். காந்தி முன்னால் தாலி கட்டிக்கொண்ட பெண் காந்தி கொடுத்த பெயரைப் பற்றி இப்படிச் சொல்கிறார். இத்தனைக்கும் அதே சொல்லைப் பின்னால் தன் பேச்சுகளில் அவரும் பயன்படுத்தத்தான் செய்தார். எனக்கு அது முரணாகப் படவில்லை. மாற்றுச் சொல் கிடைக்கும்வரை இருக்கிற சொல்லில்தானே பேச வேண்டும்.

அடுத்த வருஷமே அரசியல் நிர்ணய சபை. கொச்சியிலிருந்து அல்ல, சென்னை மாகாணத்திலிருந்து. மாகாண சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ஆக, நம் சென்னை அனுப்பிய பிரதிநிதி அவர். நம் பாடப்புத்தகங்களைப் பல வருஷம் புரட்டியவள் நான். இதை எந்தப் பிள்ளையிடமும் நான் சொன்னதில்லை, எனக்கே தெரியாமல் இருந்தது. சபையில் இருந்த பதினைந்து பெண்களில் ஒருவர். வயது 34.

சபை நடவடிக்கைகளை ராத்திரியில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். விடைத்தாள் திருத்தும் சீசனில் வேறு எதுவும் படிக்க ஓடாது, இது ஓடியது. 1946 டிசம்பர் 19 அன்று குறிக்கோள் தீர்மானத்தின் மேல் பேசுகிறார். அரசியலமைப்பை எழுதுவது மட்டுமல்ல, மக்களுக்குப் புதிய வாழ்க்கைச் சட்டகம் ஒன்றைக் கொடுப்பதும் இந்தச் சபையின் வேலை என்கிறார். ஏழு கோடிப் பேரைச் சிறுபான்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். எங்களுக்கு வேண்டியது விதவிதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் அல்ல, தார்மீகமான பாதுகாப்பு என்கிறார். 1947 ஆகஸ்டில் இன்னும் கறாராக, எங்கள் மக்கள் மற்றவர்களுக்குப் பொருளாதார அடிமைகளாக இருக்கும்வரை எங்கள் பிரதிநிதியை நாங்கள் மட்டும் தனியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதா எல்லோரோடும் சேர்ந்து தேர்ந்தெடுப்பதா என்று பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்கிறார். இட ஒதுக்கீட்டுத் தொகுதிகளையே அவர் விரும்பவில்லை.

இங்கே எனக்கு அவரோடு சண்டை இருக்கிறது. தார்மீகத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் பல சட்டமன்றங்களின் கதவுக்கு வெளியேதான் நின்றிருப்போம். ஒதுக்கீடு இல்லாமல் நானே இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டேன். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கொஞ்சம் புரிகிறது. தனிக் கிணறு, தனிப் பாதை, தனி இடம் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவருக்குத் "தனி" என்ற சொல்லே கசந்திருக்கும். தனி பிப்பெட் என்றால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கவே எனக்குப் பயம்.

1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புக்கான ஷரத்து சபைக்கு வந்தது. வரைவில் அது 11, இன்று 17. வரைவுக் குழுவின் தலைவரே தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்கும்போது இப்படி ஒரு ஷரத்து இல்லாத அரசியலமைப்பை எதிர்பார்க்க முடியாது என்று தொடங்குகிறார். பேச்சு நேரத்தைத் தாண்டுகிறது. சபையை நடத்திய துணைத்தலைவர் எச்.சி.முகர்ஜி, நீங்கள் ஒரு பெண் என்பதால்தான் அனுமதிக்கிறேன் என்கிறார். அச்சில் இருக்கிறது இது. சலுகை மாதிரிச் சொல்லப்பட்ட வாக்கியம். தாக்ஷாயணி அதைப் பிடித்துக்கொண்டு தகராறு செய்யாமல், தொடர்ந்து பேசி முடிக்கிறார். மக்கள் எப்படி நடந்துகொள்ளப் போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்த அரசியலமைப்பு வேலை செய்யும், சட்டத்தை அமல்படுத்துவதை மட்டும் பொறுத்தல்ல என்பது அவர் வாதம். பாடத்தை எழுதிப் போட்டுவிட்டால் பிள்ளைகள் கற்றுக்கொண்டதாக ஆகிவிடாது என்று தெரிந்த ஒருவர் பேசுவது போலவே எனக்குக் கேட்டது.

அந்தச் சபை எழுதிய சட்டத்தில் ஆசிரியர்களுக்கே ஒரு கதவு உண்டு என்பது தனி வேடிக்கை. 171ஆவது ஷரத்தின்படி, மேலவை உள்ள மாநிலங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் 1986இல் மேலவையைக் கலைத்துவிட்டார்கள், அதோடு எங்கள் கதவும் போனது. கர்நாடகத்தில் இன்னும் இருக்கிறது. அங்கே உடற்கல்வி ஆசிரியராக இருந்த பசவராஜ் ஹொரட்டி 1980இலிருந்து அந்தத் தொகுதியில் தொடர்ந்து ஜெயித்து மேலவைத் தலைவர் வரை போனார். பி.டி. சார்களைக் கிண்டல் செய்கிறவர்கள் கவனிக்கவும்.

மறுபடி தாக்ஷாயணி. அவர் சொன்னவற்றில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. வரைவு அரசியலமைப்பில் மத்தியில் அதிகாரம் குவிவதை 1948 நவம்பரில் கடுமையாக விமர்சித்தவர், ஒரு பொதுத்தேர்தல் வைத்து மக்களிடம் கேட்ட பிறகுதான் அதை ஏற்க வேண்டும் என்றார். கொச்சிக்கு நியமனம், டெல்லிக்கு மறைமுகத் தேர்தல் என்று இரண்டு முறையும் மக்களின் நேரடி ஓட்டு இல்லாமல் சபைக்கு வந்தவர் அவர். அவர்தான் கேட்கிறார், மக்களிடம் போவோம் என்று.

தானும் போனார், ரொம்பக் காலம் கழித்து. ஐந்து பிள்ளைகளை வளர்த்து, இன்சூரன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்து, கட்சி அரசியலிலிருந்து விலகியிருந்தவர், 1971இல் அடூர் மக்களவைத் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். தோற்றார். நெருக்கமான தோல்விகூட இல்லை. அதன் பிறகு டெல்லி முனிர்காவில் துப்புரவுத் தொழில் செய்த பெண்களோடு வேலை செய்தார், பெண்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1978 ஜூலையில் இறந்தார்.

முளவுகாட்டிலிருந்து திரும்பும்போது பாலத்தின் நடுவில் பஸ் நெரிசலில் நின்றது. கீழே காயலில் ஒருவர் சின்ன வள்ளத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்துக்கு எத்தனை வள்ளங்கள் தேவைப்பட்டிருக்கும், பேசுகிறவர் எழுந்து நின்றபோது எவ்வளவு ஆடியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு. நேற்று அலமாரியைத் திறந்து சாமான்களைச் சரிபார்த்தேன். பியூரெட் பன்னிரண்டு, அதில் இரண்டில் குழாய் ஒழுகுகிறது. பிப்பெட்டுகள் அட்டைப் பெட்டியில் இருந்தன. பழைய ஸ்டிக்கர்களில் மை மங்கிப் பெயர்கள் பாதிதான் தெரிகின்றன. பின்னால் நின்ற அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் இன்னும் முழுசாக இருக்கிறது. அந்தப் பிப்பெட்டை யாரும் அதிகம் பயன்படுத்தியிருக்கவில்லை.